நாயின் கழுத்தில் என் தங்கச் சங்கிலி

காலி லாரி ஓட்டியவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போனால், திரும்பும்போது எதையாவது ஏற்றாமல் வரமாட்டேன். சிமெண்ட், வெங்காயம், பழைய இரும்பு, ஒரு தடவை கல்யாண மண்டபத்து நாற்காலிகள். கிளீனராக லாரியில் ஏறியவன் நான். அஞ்சாங்கிளாஸைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸில் குளித்து, டிரைவராகி, ஓனராகி, கடலூரில் மாடி வைத்து வீடு கட்டினேன். வீட்டில் எத்தனை அறை என்று யாராவது கேட்டால் பதில் சொல்லமாட்டேன். வந்து பார் என்பேன். இப்போது யாரும் வந்து பார்ப்பதில்லை.

அந்த வீட்டில் நானும் ஒரு நாயும் இருக்கிறோம்.

நாய் என்றால் காவல் நாய் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளையாக, புசுபுசு என்று, என் செருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் பொமரேனியன். மகள் சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கியது. கனடா போகும்போது, "கொஞ்ச நாளு பாத்துக்குங்கப்பா, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அவள் வைத்த பெயர் ஏதோ வெள்ளைக்காரப் பெயர், என் வாயில் நுழையாது. "ஏய்" என்பேன். வந்துவிடும்.

என் மனைவி இருந்த காலத்தில் மகள் அம்மாவோடு மணிக்கணக்கில் பேசுவாள். கடைசியில் ஃபோன் என் கைக்கு வரும். "நல்லா இருக்கேன், உடம்பப் பாத்துக்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மனைவி போன பிறகு எங்கள் இருவருக்கும் பேச என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியவில்லை. ஃபோன் குறைந்துகொண்டே வந்தது. நாய் வந்த பிறகுதான் தினமும் வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தாள். எடுத்ததும் முதல் வார்த்தை, "அப்பா, அதக் காட்டுங்க." காட்டுவேன். அவள் அதனோடு கொஞ்சுவாள், அதன் காதைப் பார்ப்பாள், நகம் வளர்ந்துவிட்டது என்பாள். நடுவில் என்னிடமும் இரண்டு வார்த்தை. சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா. எனக்கு அது போதும். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அது என் மடியில் இருக்கிறவரைதான் அந்த ஃபோன் வரும். அது போய்விட்டால் எதைக் காட்டுவேன்?

போன வருஷம் சிதம்பரத்தில் என் தங்கை பேத்திக்கு நிச்சயதார்த்தம். அதே வாரத்தில்தான் நாய்க்கு வருஷ ஊசி. போகிற வழியில் ஊசியையும் முடித்துவிடலாம் என்று காலையிலேயே நாயைக் காரில் ஏற்றினேன். எழுபது தாண்டியும் காரை நானேதான் ஓட்டுகிறேன். டிரைவர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். டிரைவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்.

கடலூர் நாய் டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகளைவிட இளையவள்.

"இன்னிக்கு ஒண்ணு போட்டுடலாங்கய்யா. மத்தது மூணு வாரம் கழிச்சு. சின்ன நாயாச்சே, ஒரே நாள்ல எல்லாம் வேணாம்."

"யம்மா, நான் காலி வண்டி ஓட்டுறவன் இல்ல. வந்ததோட எல்லாத்தையும் போட்டு அனுப்பு. ஒரு ஊசிக்கு ஒரு நடைன்னு யாரு வர்றது?"

அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் லாரி ஆபீஸில் பேசுகிற குரலில் பேசினேன். கடைசியில், "சரி, ஆனா ஊசி போட்டப்புறம் வெளிய அரை மணி நேரம் இருந்து, நான் பாத்தப்புறந்தான் போகணும்" என்றாள். வெறிநாய்க்கடிக்கு ஒன்று, பல நோய்க்குச் சேர்த்து ஒன்று, இருமலுக்கோ எதற்கோ இன்னொன்று. மூன்றும் போட்டாயிற்று. நாய் ஒரு சத்தம் போடவில்லை.

"அந்தக் காலி பாட்டிலக் குடு" என்றேன்.

"எதுக்குங்கய்யா?"

இது என் பழக்கம். மெக்கானிக் பேரிங் மாற்றினேன் என்றால் பழைய பேரிங்கைக் கையில் வாங்காமல் வரமாட்டேன். மாற்றாமலேயே மாற்றினேன் என்று ஏமாற்றுகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதிகம் படிக்காதவனுக்குப் பழைய சாமான்தான் ரசீது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மூன்று குப்பிகளையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சிதம்பரத்திலிருந்து மருமகன், என் தங்கை பிள்ளை, கூப்பிட்டான். "மாமா, நல்ல நேரம் தாண்டுறதுக்குள்ள வந்துடுங்க." என்னை யாராவது தேடினால் என்னால் உட்கார முடியாது. அந்தப் பெண் உள்ளே ஒரு பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாயைத் தூக்கி முன் சீட்டில் வைத்துக் கிளம்பிவிட்டேன்.

கெமிக்கல் கம்பெனிகள் இருக்கிற இடத்தைத் தாண்டும்போது நாய் மூக்கைச் சீட்டில் தேய்த்தது. புகை வாடை போல என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டியும் தேய்த்துக்கொண்டிருந்தது. காதைச் சொறிந்தது. புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறேன், மூஞ்சி பன் மாதிரி உப்பியிருக்கிறது. கண் இரண்டும் கோடாகிவிட்டன.

எனக்குச் சந்தோஷந்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் ஊசி போட்ட கை வீங்கினால், காய்ச்சல் அடித்தால், "ஊசி நல்லா புடிச்சிருக்கு" என்பார்கள். வீங்காவிட்டால்தான் கவலை, தண்ணியைப் போட்டு அனுப்பிவிட்டான் என்று. மூன்றும் நல்ல மருந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் காரை எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா மாமா, நாய்க்குப் பொன்னுக்குவீங்கியா?"

"ஊசி போட்டிருக்குய்யா. அதான்."

"இல்ல மாமா, பொன்னுக்குவீங்கியேதான். கழுத்துல அவ்ளோ பெரிய செயின வெச்சுக்கிட்டுச் சும்மா பாத்துக்கினு நிக்கிறியே. கழட்டிப் போட்டு உடு, எறங்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவன் மட்டும், "பூச்சி கடிச்சிருக்கும், வெத்தலையும் மொளகும் கசக்கிக் குடு" என்றான். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கொஞ்ச தூரம் போவதற்குள் நாய் வாந்தி எடுத்தது. வெறும் நுரை. மறுபடியும் எடுத்தது. எழுந்து நிற்கப் பார்த்தது, பின்னங்கால் மடிந்து சீட்டுக்குக் கீழே விழுந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டித் தூக்கினேன். தலை என் கையில் நிற்கவில்லை. "ஏய்" என்றேன். காது அசையவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். எப்போதும் ரோஜாக் கலரில் இருக்கும் ஈறு, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

வண்டி நடுவழியில் நின்றுபோனால் பயப்படுகிறவன் இல்லை நான். எந்த இடத்தில் என்ன சத்தம் வருகிறது என்று கேட்டே கழற்றி மாட்டிவிடுவேன். அந்த நாயைக் கையில் வைத்துக்கொண்டு எதைக் கழற்றுவது என்று தெரியாமல் ரோட்டோரம் நின்றேன். யாருக்கு ஃபோன் செய்வது? மகளுக்கு அங்கே தூங்குகிற நேரம். தூங்காவிட்டாலும் என்ன சொல்வது? ஃபோனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். டயர் கடை, லாரி செட்டு, புரோக்கர், டயர் கடை. நாய் சாகப்போகிறது என்று சொன்னால் சிரிக்காமல் கேட்கிற ஒரு பெயர் அதில் இல்லை.

அப்போதுதான் சங்கிலியைக் கழற்றினேன்.

நம்பிக்கையா என்றால், இல்லை. ஆனால் எனக்குச் சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்தபோது எங்கள் வீட்டில் குந்துமணித் தங்கம் இல்லை. அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் செயின் கேட்டாள். கொடுத்தார்கள், ஆனால் வெளியே அனுப்பமாட்டோம் என்றார்கள். அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் செயினோடு உட்கார்ந்திருந்தேன், அந்த வீட்டுக்காரி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிற்பாடு இந்தச் சங்கிலியை, கழுத்து வலிக்கிற கனத்தில், அதற்காகவே செய்து போட்டேன். வேறு எதுவும் செய்யத் தெரியாதபோது கை அங்கேதான் போனது. இரண்டு சுற்றாகச் சுற்றி அதன் கழுத்தில் போட்டு, முன் சீட்டில் கிடத்தி, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பி.முட்லூர் வளைவில் நாய் மறுபடியும் சரிந்து கீழே விழுந்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு மீன்காரம்மா பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"யம்மா, சிதம்பரமா? ஏறு. இதக் கொஞ்சம் புடிச்சுக்க. மாட்டாஸ்பத்திரி போவணும்."

அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மீன் பேசினைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்துவிட்டு முன்னால் ஏறிவிட்டாள். நாயை மடியில் போட்டுக்கொண்டாள்.

"மீன் கை பட்ருக்கு, அப்பிடியும் மூக்கத் தூக்குலியே. அப்பொ நெசமாவே முடியலதான்." பிறகு கழுத்தைப் பார்த்தாள். "இது இன்னா, தங்கமா?"

"ஆமா."

"தங்கத்த நாய்க்குப் போட்டுட்டு ஆஸ்பத்திரி தேடுறியா? நல்ல ஆளுதான் பெரியவரே நீ. வூட்டுல பொம்பளைங்க யாரும் இல்லியா?"

"இல்ல."

அதற்கப்புறம் அவள் கேலி செய்யவில்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை, "மூச்சு இருக்கு, நீ ஓட்டு. மூச்சு இருக்கு, ஓட்டு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். என் காரில் மீன் பேசினை வைக்க நான் ஒருநாளும் விட்டதில்லை. அன்றைக்கு அந்தக் குரல் நிற்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நாயை என் கையில் கொடுத்தாள். "செயினப் பத்திரமா பாத்துக்க" என்றாள். பேசினைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை.

உள்ளே இருந்த டாக்டர் நடுவயதுக்காரர். நாயைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எதாவது ஊசி போட்டீங்களா? என்ன ஊசின்னு தெரியுமா?"

சட்டைப் பையிலிருந்த கவரை மேஜையில் கொட்டினேன். மூன்று குப்பிகளையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு ஊசி, அதற்குப் பின்னாடியே இன்னொன்று, முன்னங்காலில் முடியைச் சிரைத்துக் குளுக்கோஸ். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்கும்போது சங்கிலி இடித்தது. கழற்றி என் கையில் கொடுத்தார். இது எதற்கு என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவரும் நம் பக்கத்துக்காரர்தான் போல.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் நாயின் உதட்டைத் தூக்கி என்னைப் பார்க்கச் சொன்னார். சுண்ணாம்பு வெளுப்பு போய் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. "தப்பிச்சுது" என்றார். அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மருந்து இதுக்கு ஒத்துக்கல. எல்லாத்துக்கும் வராது, எப்பயாவதுதான் வரும். ஆனா வந்தா நேரம் குடுக்காது. இந்த மாதிரி சின்ன நாய்ங்களுக்குத்தான் ஜாஸ்தி. அதுலயும் ஒரே நாள்ல எத்தன ஊசி ஏத்துறமோ அத்தன ரிஸ்க்கு."

"நல்ல மருந்துதான டாக்டர்?"

"மருந்து நல்ல மருந்துதான். ஆனா பெரிய அல்சேஷனுக்கு எவ்ளோ போடுறமோ அதே அளவுதான் இதுக்கும். அளவக் கொறைச்சா வேலை செய்யாது."

குட்டி டாட்டா ஏஸில் பெரிய டாரஸ் லாரியின் லோடு. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. லோடு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை.

"சாயந்திரம் வரைக்கும் இங்கயே இருங்க. வீக்கம் எறங்கின மாதிரி இருந்து திரும்ப வரலாம். வூட்டுக்குப் போயும் யாராவது பக்கத்துலயே இருந்து பாக்கணும். யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீங்க தூங்கிட்டா?"

"நான் தூங்குறதே இல்ல டாக்டர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதப் போய்விட்டார்.

மதியம்வரை விசேஷ வீட்டிலிருந்து ஃபோன் வரவில்லை. எங்கள் வகையறாவில் நான்தான் பெரியவன். முன்பெல்லாம் நானும் மனைவியும் நின்றுதான் தாம்பூலத் தட்டு மாற்றுவோம். தட்டு மாற்ற ஜோடி வேண்டும். அவள் போன பிறகு என்னை முன்வரிசையில், ஃபேனுக்கு நேராக, உட்கார வைத்துவிடுகிறார்கள். "நீங்க உக்காருங்க மாமா, நாங்க பாத்துக்கறோம்." மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அன்றைக்கு அந்த நாற்காலி காலியாக இருந்ததை யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். மூன்று மணிக்கு மேல் மருமகன் கூப்பிட்டான்.

"மாமா, சாப்ட்டீங்களா? எந்தப் பந்தியில உக்காந்தீங்க, நான் பாக்கவே இல்லியே?"

"சாப்ட்டேன் மாப்ள, கூட்டமா இருந்துது. கெளம்பிட்டேன்" என்று சொன்னேன்.

ஃபோனை வைத்துவிட்டு நாயைப் பார்த்தேன். வீக்கம் பாதி இறங்கி, ஒரு கண் திறந்திருந்தது. அந்தக் கண் கூடம் முழுக்கத் தேடி என் மேல் வந்து நின்றது. வால் ஒரு தடவை மேஜையில் தட்டியது. சிதம்பரம் முழுக்க அன்றைக்கு என்னைத் தேடியது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். நாயின் மூஞ்சி இன்னும் கோணலாகத்தான் இருந்தது. முதுகைக் காட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, மூஞ்சியக் காட்ட மாட்டேங்குது?"

"கோவமா இருக்கு. ஊசி போட்டு வந்தேன்ல."

"அது என்ன கழுத்துல? அப்பா! உங்க செயினா அது?"

தொலைந்துவிடக் கூடாது என்று வரும் வழியில் மறுபடியும் நான்தான் மாட்டியிருந்தேன். அல்லது வேறு எதற்கோ மாட்டியிருந்தேன். "சும்மா, அழகா இருக்கும்னு" என்றேன். அவள் சிரித்தாள். அம்மா இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டாள். அது இப்போது அவள் ஃபோனில் முகப்புப் படம். என்ன நடந்தது என்று நான் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் கடலூர் டாக்டரிடம் சண்டை போடத்தான் போனேன். அந்தப் பெண் நாயைத்தான் முதலில் வாங்கித் தடவிப் பார்த்தாள். அப்புறம், "அரை மணி நேரம் இருங்கன்னு சொன்னேன். வெளிய வந்து பாத்தா ஆளக் காணும். எத்தன தடவ ஃபோன் பண்ணேன் தெரியுமா?" என்றாள். ஃபோனைப் பார்த்தேன். தெரியாத நம்பர் என்று நான் கவனிக்காமல் விட்ட அழைப்புகள் வரிசையாக இருந்தன. அன்றைக்கு என்னைத் தேடிய இன்னொரு ஆள் இருந்திருக்கிறாள். நான் போட வந்த சண்டையை மறந்து, சிதம்பரம் போன கதையையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

இந்த வருஷம் மறுபடியும் ஊசிக் காலம் வந்தது. போடாமலே விட்டுவிடலாமா என்று அந்த டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். வெறிநாய்க்கடி ஊசியை விடக் கூடாது, தெருவில் எத்தனை நாய் என்று அவள் சொன்னாள். ஒவ்வொன்றாகப் போடலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாரங்கள் விடலாம், முன்கூட்டியே ஒவ்வாமைக்கு மருந்து கொடுக்கலாம், போட்ட பிறகு அவள் கண் முன்னாலேயே இருக்கலாம். உறுதியாக ஒன்றும் வராது என்று சொல்ல முடியுமா என்றேன். முடியாது என்றாள். அவள் பொய் சொல்லியிருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

ஊசி இறங்கியது. காலிக் குப்பியை நான் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து நீட்டினாள். பெஞ்சில் நாயை மடியில் வைத்து உட்கார்ந்தேன். மூக்கைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். அது என் விரலைக் கடிக்கப் பார்த்தது. பக்கத்தில் ஒரு பாட்டி ஆட்டுக்குட்டியோடு வந்து உட்கார்ந்து, என்ன ஏது என்று கேட்டாள். நான் கிளீனராக ஏறிய நாளிலிருந்து ஆரம்பித்தேன். அவள் ஆடு உள்ளே போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். "நேரம் எப்பவோ ஆயிடுச்சுங்கய்யா. நல்லாத்தான் இருக்கு, நீங்க கெளம்பலாம்."

"இருக்கட்டும்மா. இன்னும் செத்த நேரம் பாத்துட்டுப் போறேன்."

"சிதம்பரத்துல எதாவது விசேஷம் இல்லியா இன்னிக்கு?"

"இருந்தா இருக்கட்டும்" என்றேன்.

அடுத்த ஊசிக்கு மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறாள். ஒரு ஊசிக்கு ஒரு நடை. அதற்கடுத்ததற்கு இன்னொரு நடை. போகும்போதும் வரும்போதும் ஏற்ற ஒன்றும் இருக்காது. முன் சீட்டில் அது மட்டும் உட்கார்ந்திருக்கும்.